விளையாட்டுக்குச் சொன்னது என்றால், யாருடைய விளையாட்டுக்கு?

நிழல்மொழி எழுதியது:

வணக்கம். நான் இணையவழிக் குழு ஆட்டங்களில் ஏழு ஆண்டுகளாக இருந்தவள். அவற்றுள் நான்கு ஆண்டுகள் ஒரே குழுவில் கழிந்தன. கடந்த ஆண்டு அந்தக் குழுவிலிருந்து விலகினேன். ஏன் விலகினேன் என்று அங்கே எவரிடமும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டும்படியான பெரிய நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் சொல்லவில்லை. அதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

முதல் மூன்று ஆண்டுகள் நான் மைக்கை இயக்கியதே கிடையாது. எழுத்தில்தான் பேசுவேன். தமிழில் ‘வந்தேன்’, ‘பார்த்தேன்’, ‘முடித்துவிட்டேன்’ என்று எழுதினால் எழுதுபவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. நான் அதை மறைக்கவும் இல்லை, அறிவிக்கவும் இல்லை. எல்லோரும் என்னை ‘மச்சி’ என்றார்கள், ‘டா’ போட்டார்கள். எந்த வழியாக நுழைவது, யார் முன்னே போவது, எப்போது பின்வாங்குவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு நாள், தட்டச்சு செய்ய நேரமில்லாத நெருக்கடியில் மைக்கை இயக்கி, ‘எல்லோரும் இடது பக்கம் வாங்க’ என்றேன். சில நொடிகளுக்கு எவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ‘இது யாரோட அக்கவுண்ட்?’ என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் யாரும் என்னைத் திட்டவில்லை. ‘நீங்க’ என்றார்கள், ‘சிஸ்டர்’ என்றார்கள். ஆனால் நான் சொல்லும் திட்டத்தை இன்னொருவர் தன் வாயால் திரும்பச் சொன்ன பிறகே நகர்ந்தார்கள். மோசமாக ஆடுகிறவரிடம் ‘பொண்ணு மாதிரி ஆடாதே’ என்று சொல்வது அங்கே நெடுநாள் வழக்கம். மூன்று ஆண்டுகளாக நான் கேட்டு வந்ததுதான். இப்போது அதைச் சொல்லிவிட்டு, ‘உங்களைச் சொல்லல, விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். என்னை வெளியே தள்ளியது அந்த இரண்டாவது வாக்கியம். அதுவரை யார் மேலும் விழாமல் போய்க்கொண்டிருந்த சொல், அன்று முதல் ஒவ்வொரு முறையும் என் முன்னால் நின்று, நான் சிரித்துப் ‘பரவாயில்லை’ என்று சொல்லும்வரை காத்திருந்தது.

மிரட்டல் இல்லை, ஆபாசம் இல்லை, பேச்சைக் கண்காணிக்கும் மட்டுறுத்துனரிடம் எடுத்துக் காட்ட ஒரு வரியும் இல்லை. இதை ஒதுக்கிவைத்தல் என்று சொல்லலாமா, அல்லது நான் தொட்டாற்சுருங்கியாக இருந்துவிட்டேனா என்று உங்களிடம் கேட்கிறேன்.

இருபதுபகடை எழுதியது:

நிழல்மொழி, உங்கள் வருத்தத்தைச் சிறிதாக்கிப் பேச நான் வரவில்லை. ஆயினும் நீங்கள் வரைந்த சித்திரத்தில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது.

எனக்குச் சிறு வயது முதல் திக்குவாய். வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சிய நான் முதன்முதலாகத் தயங்காமல் பேசியது, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுக் குழு ஒன்றில்தான். அங்கே என் திக்கலை அப்படியே பேசிக் காட்டிக் கேலி செய்தார்கள். ஒருவரின் பருமன், இன்னொருவரின் சோடாபுட்டிக் கண்ணாடி, வேறொருவரின் மதிப்பெண் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அது எனக்கு வலித்ததே இல்லை. வெளியே கேலி செய்தவர்கள் என்னைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். இவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுச் சிரித்தார்கள். காமிக்ஸும் கணினியும் பகடையுமாக இருந்தவர்களை எவரும் பொருட்படுத்தாத காலத்தில் நாங்களே கட்டிக்கொண்ட கூடாரம் இது. எல்லோரையும் வாரிவிடும் ஓர் இடத்தில் ஒரு சொல்லை மட்டும் தனியே எடுத்து எடை போட்டால், எங்களில் ஒருவர் கூடத் தப்ப முடியாது. மேலும், பிடிக்காதவரின் குரலை அணைத்துவிடும் வசதி பெரும்பாலான ஆட்டங்களில் இருக்கிறது. குழுவையே விட்டுப் போவதற்கு முன் அதைப் பயன்படுத்தியிருக்கலாமே?

கருந்துளை எழுதியது:

மூன்று வேறுபட்ட செயல்களை இந்த விவாதம் ஒன்றாகக் குழப்பிவிடும் என்று அஞ்சுகிறேன். மிரட்டுவது ஒன்று, ஒருவரின் வாய்ப்பைப் பாலினம் கருதிப் பறிப்பது இன்னொன்று, ரசனைக் குறைவாகப் பேசுவது மூன்றாவது. முதல் இரண்டையும் விதிகளால் தடுக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாவதை விதிகளால் தடுக்கத் தொடங்கினால், எது ரசனைக் குறைவு என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரோ சிலரின் கைக்குப் போய்விடும். அந்தக் கை நாளை வேறு எதை வேண்டுமானாலும் தடுக்கும்.

இன்னொன்றையும் தயக்கத்துடன் சொல்கிறேன். நிழல்மொழியின் முதல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். அவர் யார் என்றே தெரியாத நிலையில், திறமை ஒன்றை மட்டும் பார்த்துத் தலைமைப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். உடலும் முகமும் தெரியாமல் செயலால் மட்டுமே மதிக்கப்படக்கூடிய இடம் என்று கணினி உலகத்தை நாம் கொண்டாடுவதற்கு அதுவே சான்றில்லையா?

நிழல்மொழி எழுதியது:

கருந்துளை, அந்த மூன்று ஆண்டுகளை நீங்கள் சான்றாக எடுத்துக்கொண்டால் நான்காம் ஆண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மைக்கை இயக்கிய அந்த மாலைக்கு முன்னும் பின்னும் ஆடியது ஒரே கைதான். அடையாளம் தெரியாதவரை மட்டுமே செல்லுபடியாகும் மதிப்பைத் திறமைக்குக் கிடைத்த மதிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரிட்டனில் 1962இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கிய ஸ்டெபானி ஷர்லி, தம் பெயரில் அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டு அனுப்பத் தொடங்கினார். ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் அறிவியல் புனைகதைகள் எழுதிப் புகழ் பெற்றவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது 1977இல்தான் வெளியே தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த எழுத்தில் ஆண்தன்மை மறுக்க முடியாதபடி இருக்கிறது என்று ராபர்ட் சில்வர்பெர்க் என்ற பெரிய எழுத்தாளரே எழுதியிருந்தார். கட்டற்ற மென்பொருளுக்கு வருவோம். நிரலர்கள் நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் அனுப்பப்பட்ட நிரல் மாற்றங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், பெண்கள் அனுப்பியவற்றுள் சுமார் 79 விழுக்காடும் ஆண்கள் அனுப்பியவற்றுள் சுமார் 75 விழுக்காடும் ஏற்கப்பட்டிருந்தன. மாற்றத்தை அனுப்பிய மென்பொருள் திட்டத்துக்குப் புதியவராகவும், பெண் என்பது பெயரிலோ படத்திலோ தெரிபவராகவும் இருந்தபோது மட்டும், பெண்களின் விழுக்காடு ஆண்களுடையதற்குக் கீழே போய்விட்டது. ஷர்லி கையெழுத்தை மாற்றினார். நான் மைக்கை அணைத்து வைத்திருந்தேன்.

இருபதுபகடை, உங்கள் நாற்காலி உவமையை நான் மதிக்கிறேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் திக்கலைக் கேலி செய்தவர்கள், மோசமாக ஆடும் எவரையும் ‘திக்குவாயன் மாதிரி ஆடாதே’ என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் சொல்லியிருந்தால், அப்போதும் அந்த நாற்காலி உங்களுக்காகப் போடப்பட்டது என்று நினைத்திருப்பீர்களா? குரலை அணைப்பதைப் பற்றி: ஐந்து பேர் ஒரே நேரத்தில் நகர வேண்டிய ஆட்டத்தில் ஒருவரின் குரலை அணைத்தால், எதிரி எங்கே என்று அவர் சொல்வதும் எனக்குக் கேட்காது. அவர் பேசியதற்கு நான் ஆட்டத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பழையகணினி எழுதியது:

நான் இந்தத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். நிழல்மொழி விவரிப்பது என்னவென்று எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிய வைத்தது ஒரு படம்.

படச் செயலாக்கம் படித்தவர்கள் எல்லோருக்கும் ‘லெனா’ படம் தெரியும். இறகு வைத்த தொப்பியும் வெற்றுத் தோளுமாகத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண். 512க்கு 512 புள்ளிகள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1973இல் ஒரு கருத்தரங்குக் கட்டுரைக்கு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தவர்கள், அந்த நேரத்தில் ஒருவர் கையில் இருந்த, பெண்களின் நிர்வாணப் படங்களை வெளியிட்ட ‘பிளேபாய்’ இதழின் 1972 நவம்பர் நடுப்பக்கத்தை ஸ்கேன் செய்து, தோளுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு படத்தைச் சுருக்கும் முறை, கூர்மையாக்கும் முறை, இரைச்சல் நீக்கும் முறை என்று எதைப் புதிதாகக் கண்டுபிடித்தாலும் அதன் மேல்தான் சோதித்துக் காட்டுவது என்பது துறையின் மரபாகிவிட்டது. நானும் பல ஆண்டுகள் அதையே வகுப்பில் திரையிட்டுப் பாடம் நடத்தினேன். தட்டையான பகுதி, நுண்ணிய இழை, மென்மையான நிழல் மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன என்று தொழில்நுட்பக் காரணம் சொல்வேன். அது உண்மையும்கூட. ஆனால் 1996இல் இத்துறையின் முக்கிய ஆய்விதழின் ஆசிரியரே, அது ஓர் அழகிய பெண்ணின் படம் என்பதும், பெரும்பாலும் ஆண்களாக இருந்த ஆய்வாளர்கள் அதை நாடியதில் வியப்பில்லை என்பதும் இன்னொரு காரணம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

ஒவ்வோர் ஆண்டும் படம் திரையில் விழுந்தவுடன் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். முழுப் படத்தை முன்பே தேடிப் பார்த்திருந்தவர்களின் சிரிப்பு அது. நான் அதைக் கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர்வேன். ஓர் ஆண்டு, வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் முடிவில் வந்து, ‘சார், செயல்முறைத் தேர்வில் வேறு படம் பயன்படுத்தினால் மதிப்பெண் குறையுமா?’ என்று கேட்டார். குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை, அனுமதியாகக் கேட்டார். குறையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு எழும்போது அவர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதை அன்றுவரை நான் நினைத்ததே இல்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

படத்தில் இருக்கும் லெனா பொர்சென் அம்மையாரே, மாடலிங்கிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டேன், தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டது என்று 2019இல் ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇயின் கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் இடம்பெறும் கட்டுரைகளை ஏற்பதில்லை. 1973க்கும் 2024க்கும் இடையே 51 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அதைப் பயன்படுத்திய எவரும், என்னையும் சேர்த்துத்தான், ஒரு பெண்ணையாவது விரட்ட வேண்டும் என்று நினைத்ததில்லை.

இருபதுபகடை எழுதியது:

ஐயா, நீங்கள் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் உங்கள் கடைசி வாக்கியம் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. தீய எண்ணமே இல்லாத இடத்தில் குற்றம் எங்கிருந்து வரும்? நிழல்மொழியின் திக்குவாய்க் கேள்விக்கு எனக்கு உடனே பதில் தோன்றவில்லை, யோசிக்கிறேன். என்றாலும், ஆட்டக் களத்தில் எல்லோருக்கும் விழும் அடிதான் பெண்களுக்கும் விழுகிறது என்பதை நான் இன்னும் நம்புகிறேன்.

தரவுப்பூனை எழுதியது:

எல்லோருக்கும் ஒரே அடி என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், இருபதுபகடை. ‘ஹேலோ 3’ ஆட்டத்தில் ஜெப்ரி குஸ்னெகாப், லிண்ட்சே ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்கூட்டியே பதிவு செய்த வாக்கியங்களை ஒலிக்கவிட்டார்கள். சில ஆட்டங்களில் ஆண் குரல், சிலவற்றில் பெண் குரல், சிலவற்றில் குரலே இல்லை. இரு குரல்களும் பேசிய வாக்கியங்கள் ஒன்றே. பெண் குரலுக்கு வந்த எதிர்மறையான மறுமொழிகள், ஆண் குரலுக்கோ மௌனத்துக்கோ வந்தவற்றைப் போல மூன்று மடங்கு. ஆய்வு 2013இல் அச்சேறியது.

எவரும் வாயே திறக்காதபோதும் இது நடக்கும் என்பதற்கு உளவியலாளர் சப்னா செரியனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். கணினித் துறையின் அறை ஒன்றில் அறிவியல் புனைகதைப் படச் சுவரொட்டியும் வீடியோ கேம் பெட்டிகளும் கிடந்தபோது, அங்கே அமர்ந்த மாணவிகள், மாணவர்களைவிடக் கணினி அறிவியலில் குறைவான ஆர்வம் காட்டினார்கள். அதே அறையில் இயற்கைக் காட்சிப் படம் மாட்டியிருந்தபோது அந்த இடைவெளி குறைந்தது. எனக்கும் அந்தச் சுவரொட்டிகள் உயிர். அவற்றைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் அறை பேசாமலேயே ‘இது உன் இடம்’ என்றோ ‘இது வேறு யாருடைய இடமோ’ என்றோ சொல்லக்கூடியது என்பதைத்தான் சொல்கிறேன்.

கருந்துளை எழுதியது:

இப்படிப்பட்ட ஆய்வுகளை நானும் படிக்கிறேன். அதனால்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் ஆண் என்று தெரிந்தால் பெண்களின் ஆட்டம் தாழ்ந்துவிடுகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 42 இணைகளே கலந்துகொண்டன. அதைப் பலரும் பல மேடைகளில் சொன்னார்கள். பத்து ஆண்டுகள் கழித்து டாம் ஸ்டாபோர்ட் என்ற ஆய்வாளர் 55 லட்சத்துக்கும் மேற்பட்ட போட்டி ஆட்டங்களை ஆராய்ந்தபோது, பெண்கள் ஆண்களுக்கு எதிராக, முந்தைய ஆட்ட முடிவுகளிலிருந்து கணிக்கப்படும் தரப்புள்ளி எதிர்பார்ப்பதைவிடச் சற்று நன்றாகவே ஆடியிருந்தார்கள். கிட்ஹப் ஆய்விலும், பாலினம் வெளியே தெரிந்த புதியவர்களில் ஆண்களின் ஏற்பும் குறைந்தது. பெண்களின் இறக்கம் கூடுதல், அவ்வளவே. நாம் பெண்களைப் பற்றி நம்ப விரும்பும் கதைக்கு ஆய்வு பொருந்துகிறது என்பதற்காக அதை இறுகப் பற்றிக்கொள்ளக் கூடாது. இந்தத் துறைகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆர்வத்தில் உள்ள இயல்பான வேறுபாடே காரணமாக இருக்கலாம் என்ற வாய்ப்பையும் நாம் மறந்துவிடக் கூடாது.

விண்கல் எழுதியது:

நானும் பெண்தான். நிரல் எழுதுவதிலும் ஆடுவதிலும் 15 ஆண்டுகள் ஆகின்றன. என் வழி வேறு. எவராவது அப்படிப் பேசினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பேன், அடுத்த ஆட்டத்தில் அவரைத் தோற்கடிப்பேன், அத்துடன் மறந்துவிடுவேன். என்னை வாரியவர்களில் பலர் இன்று என் நெருங்கிய நண்பர்கள்.

எனக்குக் கசப்பான அனுபவம் வேறோர் இடத்தில் கிடைத்தது. நான் சேர்ந்திருந்த ஒரு குழுவில் நடத்தை விதிகள் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோனது. என் நிரலில் தவறு இருந்தால், முன்பு முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இப்போது பூசி மெழுகினார்கள். கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாள்வது போல என்னைக் கையாண்டார்கள். கற்றுக்கொள்வதற்காகச் சேர்ந்த இடத்தில் எவரும் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கத் துணியவில்லை. அதுவும் ஒதுக்கிவைத்தல்தான், நிழல்மொழி. உங்கள் பெயரில் நடந்தாலும் அது என்னை ஒதுக்கியது. பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி காயப்படுவார்கள் என்று எழுதும்போது என்னையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழையகணினி எழுதியது:

விண்கல்லுக்கு நிழல்மொழி பதில் சொல்வதே முறை. நான் ‘இயல்பான ஆர்வம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது நான் வாழ்ந்த காலத்தைப் பற்றியது.

தொடக்ககால மின்னணுக் கணினிகளில் ஒன்றான அமெரிக்காவின் எனியாக் 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டப்பட்டபோது, அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்று செய்து காட்டப்பட்ட குண்டுப் பாதைக் கணக்கை ஓடவைத்தவர்கள் பெட்டி ஜீன் ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. மனித மொழிக்கு நெருங்கிய வகையில் நிரல் எழுத வழி திறந்த முன்னோடிகளில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர். அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்தது. பிறகு இருபதுக்கும் கீழே இறங்கியது. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே மட்டும் இறங்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடு. சேர்க்கை முறையையும், முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு மட்டும் தோதாக இருந்த தொடக்கப் பாடங்களையும் மாற்றிய பிறகு, 2000இல் 42 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில் இயல்பு அப்படி மாறாது, கருந்துளை. உங்கள் சதுரங்கக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பலகைக்கு முன் வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றிய கணக்கு. எழுந்து போனவர்களின் ஆட்டம் அந்த 55 லட்சத்தில் இல்லை.

நிழல்மொழி எழுதியது:

விண்கல், நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கண்ணாடிப் பாத்திரமாக நடத்தப்படுவது எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ‘சிஸ்டர்’ என்று அழைத்தவர்கள் என் தவறுகளைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். எனவே உங்களை ஒதுக்கியதும் என்னை ஒதுக்கியதும் வேறு வேறு என்று நான் கருதவில்லை. இரண்டு இடங்களிலும், நாம் ஆடுவதற்கு முன்பே நம்மைப் பெண் என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்த்தார்கள்.

திருப்பிக் கொடுப்பது என்னால் இயலவில்லை. கோழைத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதில் சொன்னால் ‘சண்டைக்காரி’. சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். சிரித்தால் அடுத்த முறைக்கு அனுமதி. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். அந்த அரை நொடியில் மற்ற நால்வரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்காம் ஆண்டில் என் ஆட்டம் உண்மையிலேயே மோசமானது. அவர்கள் எந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னார்களோ அந்தச் சொல்லாக நான் ஆகிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டு இதுவரை இதை எங்கும் எழுதியதில்லை.

இன்னும் ஒன்று. அந்தப் பேச்சு பிடிக்காதவர்கள் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடிந்த பிறகு தனிச் செய்தியில், ‘அவன் அப்படித்தான், மனசுல வச்சுக்காதீங்க’ என்று எழுதுவார்கள். நல்லவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் என்னை உடைத்தது அவர்கள்தான். சொன்னவர் ஒருவர், பிடிக்காதவர் மூவர் என்பது எனக்கும் அந்த மூவருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாகவே இருந்தது. சபையில் கேட்டது ஒரு குரலும் மீதிப் பேரின் சிரிப்பும்தான்.

இருபதுபகடை எழுதியது:

இரண்டு நாள்களாக இந்த இழையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பகடைக் குழுவில் ஆறு வாரங்கள் ஒரு பெண் வந்தார். விற்போராளி அவருடைய பாத்திரம். எங்கள் யாரையும்விடக் கதையை நன்றாகக் கொண்டுசெல்வார். ஆறாவது வாரம், கதை நடத்துபவர் ஒரு சத்திரக் காட்சியை வைத்து, குடிகாரர்கள் அந்த விற்போராளியைச் சூழ்ந்துகொண்டு என்னென்ன சொன்னார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டினார். நீண்ட நேரம் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் பாத்திரம் அதே சத்திரத்தில், பக்கத்து மேசையில் இருந்தது. பகடையை உருட்டிக் குறுக்கே போயிருக்கலாம். ஆட்டத்துக்குள்ளேயே இருந்துகொண்டு ஓர் உருட்டில் அதை நிறுத்தியிருக்கலாம். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் தேர்வு இருக்கிறது என்று சொல்லி அவர் வரவில்லை. தேர்வு முடிந்தும் வரவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

எனக்கு நாற்காலி போட்டவர்களைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதிவிட்டேன். நிழல்மொழியின் திக்குவாய்க் கேள்விக்கு இதுதான் என் பதில்: இல்லை, நான் இருந்திருக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். உங்கள் குழுவில் நான் நான்காவது ஆளாக இருந்திருந்தால், என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நிழல்மொழி எழுதியது:

நீளமாக எதுவும் வேண்டாம். எனக்காகப் பரிந்து பேசியிருந்தால் நான் இன்னும் கூசியிருப்பேன். ‘அந்தப் பேச்சு வேண்டாம், வா, ஆட்டத்தைப் பார்ப்போம்’ என்று, நான் அங்கே இருக்கிறேன் என்பதே நினைவில்லாதவர் போலச் சொல்லியிருந்தால் போதும். முதலில் பேச வேண்டியவள் நானாக இல்லாதிருந்தால் போதும். மன்னிப்பும் தேவையில்லை, வெளியேற்றமும் தேவையில்லை.

கருந்துளை எழுதியது:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, ஏனெனில் இது விதியன்று. ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் பேசுவது. பேச்சுக்குப் பேச்சே மருந்து என்பதுதான் தொடக்கத்திலிருந்து என் வாதம். ஆனால் அந்த மருந்தைக் காயம்பட்டவரே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்று என் வாதத்துக்குள் ஒளிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எழுந்து போனவர்கள் கணக்கில் இல்லை என்று பழையகணினி ஐயா சொன்னதும் சரியே. ஸ்டாபோர்டின் ஆய்வை இனி மேற்கோள் காட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்வேன்.

விதிகளைப் பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது. விண்கல்லுக்கு நேர்ந்தது அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. அந்த மூவரைப் போன்றவர்கள் வாய் திறக்காத குழுவில் எந்த விதியும் உதவாது என்றும், வாய் திறக்கும் குழுவில் விதி தேவைப்படாது என்றும் நினைக்கிறேன்.

தரவுப்பூனை எழுதியது:

அங்கேதான் மாறுபடுகிறேன். எழுதப்பட்ட ஒரு வரி இருந்தால், வாய் திறக்கத் தயங்கும் மூன்றாவது ஆளுக்கு அது கைப்பிடி. தம் சொந்தக் கருத்தாகச் சொல்ல அஞ்சுபவர், ‘நம் குழுவில் இப்படிப் பேசுவதில்லை’ என்று சொல்லத் துணிவார். விண்கல்லின் குழுவில் அந்த வரியை எப்படி எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், விதியே கூடாது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன்.

விண்கல் எழுதியது:

பெண்களைப் பற்றித் தனிப் பிரிவாக எழுதியிருந்தார்கள், தரவுப்பூனை. ஆட்டத்தைப் பற்றியும் நிரலைப் பற்றியும் எழுதியிருந்தால் என்னை எவரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வேறுபாட்டைப் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

நிழல்மொழி, நீங்கள் திருப்பிக் கொடுக்காததைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அந்த அரை நொடி எப்போதும் வாய்த்தது. அது எல்லோருக்கும் வாய்க்காது என்பதை யோசிக்காமல் இருந்துவிட்டேன். இப்போது ஆடுகிறீர்களா?

நிழல்மொழி எழுதியது:

ஆடுகிறேன். புதிய குழு, ஐந்து மாதங்கள் ஆகின்றன. மீண்டும் எழுத்தில்தான் பேசுகிறேன். மீண்டும் ‘மச்சி’ என்கிறார்கள். சென்ற வாரம் ஒருவர் ‘பொண்ணு மாதிரி’ என்று தொடங்கினார். முடிப்பதற்குள் இன்னொருவர், குரலைக்கூட உயர்த்தாமல், ‘அதெல்லாம் வேணாம்டா, மேப்பைப் பாரு’ என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மைக் செருகியபடிதான் இருக்கிறது. அன்றிரவு அதன் பொத்தானில் விரலை வைத்தேன், இன்னும் அழுத்தவில்லை.